அருவியில் தண்ணி இருக்கா?

மலைக்குப் போகிறவர்கள் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் போவார்கள். நான் மலைக்குப் போனதில்லை.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் போகும் சந்தில், செல்போன் ரிப்பேர் கடைக்கும் பழைய இரும்புக் கடைக்கும் நடுவில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க அருவியின் ஃபிளெக்ஸ் படம். படத்தின் கீழே 'ஃபரீன் டிராவல்ஸ் - கல்வராயன் மலைச் சுற்றுலா' என்று எழுதி ஒரு செல் நம்பர். அந்த போனை எடுத்துப் பேசுவது என் வேலை. முதலாளி ஜுல்பிகர் பாய். ஃபரீன் அவருடைய மகள். மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். போன் செய்கிறவர்கள் என்னையே ஃபரீன் என்று நினைத்துக்கொள்வார்கள். திருத்த வேண்டாம் என்றார் பாய்.

"செந்தமிழ்ச்செல்வின்னு நீ சொல்லி முடிக்கறதுக்குள்ள அவன் வேற டிராவல்ஸுக்கு போன் போட்டுடுவான்."

நான் பதினொன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வராமல் இல்லை. வாய் வரவில்லை. யாராவது என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தால் தொண்டை மூடிக்கொள்ளும். பாடத்தை எழுந்து வாசிக்கச் சொன்னால், புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பீரியட் முடியும்வரை நிற்பேன். முதலில் வகுப்பில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை. ஒருநாள் மணலூர்பேட்டையில் பஸ் ஏறினேன். பள்ளிக்கூட ஸ்டாப் வந்தது, இறங்கவில்லை. பஸ் கடைசியாக நிற்கும் இடம்வரை போய், அதே பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அப்புறம் போகவில்லை.

பாயின் ஆபீஸில் முதலில் கூட்டிப் பெருக்கத்தான் சேர்ந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்ததால் எடுத்தேன். அவர் திரும்பி வந்தபோது, யாரோ ஒரு சேலத்துக்காரருக்கு வேன் வாடகை, சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும், எந்த வளைவில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்பதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் டிரைவர்கள் ஆபீஸில் உட்கார்ந்து பேசிக் கேட்டது. பாயைப் பார்த்ததும் குரல் நின்றுவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் சந்தில் நின்றார். மறுநாள் வந்து பார்த்தால் என் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்கு எதிரே அருவிப் படம் மட்டும்தான்.

சித்திரையிலும் அந்தப் படத்தில் தண்ணீர் கொட்டும். அதைப் பார்த்துக்கொண்டே பேசுவேன். லெமன் ஒன்று கையில் வைத்திருங்கள், மோந்து பார்த்தால் வாந்தி வராது. சாயங்காலம் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கரியாலூரில் படகு ஓட்டலாம். முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீட்டு விஷயங்களை எல்லாம் என்னிடம் சொல்வார்கள். மாமியாருக்கு முட்டிவலி, படி ஜாஸ்தியா? குழந்தைக்குப் பால் காய்ச்சிக் கொடுப்பார்களா? கிளம்புகிற காலையில்கூடக் கூப்பிட்டு, வண்டி வந்துவிட்டது என்று சந்தோஷமாகச் சொல்வார்கள்.

மலையிலிருந்து இறங்கிய பிறகு யாரும் கூப்பிட்டதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. அருவியில் தண்ணி இருக்கா என்று கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. நன்றாக விழுகிறது என்று சொன்னால் ஓரளவு விழுகிறது என்று பொருள். இருக்கு என்றால் பாறையோரம் வழிகிறது. கொஞ்சமா இருக்கு என்றால் வெறும் பாறை. மலைக்கு வண்டி விடுகிற எல்லாருக்கும் இது தெரியும். வண்டியில் ஏறுகிறவர்களுக்குத்தான் தெரியாது. அவர்கள் பாறையைப் பார்த்து ஏமாந்தால், நேத்துகூட இருந்துச்சுங்க, என்று டிரைவர் சொல்ல வேண்டும். அவரும் பாறையைப் பார்த்து அதிசயப்பட வேண்டும்.

எங்கள் டிரைவர் சடையன் அண்ணன் அதிசயப்படுவதில் கெட்டிக்காரர். வெள்ளிமலைப் பக்கத்து ஆள்.

"நேத்து ஒரு வாத்தியாரு குடும்பம் பாப்பா. அருவியப் பாத்துட்டு என்னைப் பாக்கறாரு. நான் தலையில கைய வெச்சினு, ஐயோ யாரு சாரு நிறுத்துனதுன்னு கேட்டேன். அவருதான் என்னைத் தேத்துனாரு" என்பார். நானும் சுவரைப் பார்த்துச் சிரிப்பேன்.

மார்ச் முடிகிற சமயத்தில் தீனதயாளன் என்பவர் பாயைப் பார்க்க வந்தார். கரியாலூரைத் தாண்டிப் புதிதாக காட்டேஜ் கட்டியிருந்தார். வேனில் வருகிறவர்களைச் சாப்பாட்டுக்கும் தங்கவும் தன்னிடம் அனுப்பச் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஒரு போனை வைத்ததும் என் பக்கம் திரும்பினார்.

"உம் பேரு இன்னாம்மா?"

எனக்குப் பேச்சு வரவில்லை. பாய் சொன்னார்.

"எங்க ரிசப்ஷனுக்கு ஒரு பொண்ணு வேணும் பாய். தங்க இடம், சாப்பாடு, இங்க வாங்கறதுக்கு டபுளா சம்பளம். டூரிசம்ல ஒரு வேலைன்னா அதும்மா வேலை. இப்டி சுவத்தப் பாத்துக்கினு இருக்கறதா?"

"எங்க ஆளை என் முன்னாடியே இழுக்கறியே, நல்லா இருக்குது நியாயம்" என்றார் பாய். ஆனால் தடுக்கவில்லை.

அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா அம்சவள்ளி கரும்பு வெட்டப் போகிறவள். கை முழுக்கக் கரும்புச் சோகை கீறிய தழும்பு. "போயேன். நிழல்ல வேலை. மலைக் காத்து. இதுக்கு மேல இன்னாத்துக்கு யோசன?" என்றாள். "நாலு பேரு எதிர்ல நிக்கணும்மா" என்றேன். "எத்தினி நாளைக்கு எதிர்ல நிக்காம இருப்ப?" என்றாள். ஏப்ரல் கடைசிக்குள் பதில் சொல்வதாகப் பாய் மூலமாகத் தீனதயாளனுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம்.

அந்தச் சமயத்தில்தான் தனுஷாவின் போன் வந்தது.

"ஹலோ, ஃபரீன் டிராவல்ஸுங்களா? அக்கா, நாங்க ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் ஞாயித்துக்கெழம மலைக்குப் போலாம்னு இருக்கோம். எல்லாம் பொண்ணுங்கதான்க்கா."

ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்த வார்த்தைக்குத் தாவும் குரல். உடனே தெரிந்துவிட்டது. பதினொன்றாம் வகுப்பில் எனக்கு முன் பெஞ்சு. அவள் பின்னலின் ரிப்பன் என் புத்தகத்தின் மேல் விழுந்து கிடக்கும். என் குரலை அடையாளம் கண்டுகொள்வாளோ என்று பயந்தேன். பிறகுதான் உறைத்தது. அவள் அதைக் கேட்டதே இல்லை.

அவள் தினமும் கூப்பிட ஆரம்பித்தாள். ஒருநாள் என்ன செருப்பு போட்டுக்கொள்வது என்று கேட்க. ஒருநாள் ஸ்பீக்கர் கொண்டுவரலாமா என்று கேட்க. இன்னொரு நாள் ஒன்றும் கேட்காமலே பேசிக்கொண்டிருந்தாள். "ஃபரீன் அக்கா, எங்க ராதிகாவுக்குக் கல்யாணம். மாப்ள துபாய்ல. கூட்டினு போயிடுவாரு. அதான் எல்லாரும் ஒரு தபா ஒன்னா போலாம்னு. அவளுக்கு அருவியில நிக்கணும்னு ஒரே அடம்க்கா. சின்ன வயசுலேர்ந்து ஆசை. அவங்கப்பா எங்கியும் அனுப்ப மாட்டாரு." ராதிகாவையும் எனக்குத் தெரியும். டிபன் பாக்ஸில் எப்போதும் எலுமிச்சை சாதம் கொண்டுவருவாள். ஒருமுறை என்னிடம் பாக்ஸை நீட்டி, வேணுமா என்று கேட்டிருக்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நீட்டியிருந்துவிட்டு எடுத்துக்கொண்டாள்.

போன் எந்நேரம் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்க ஆரம்பித்தேன். மற்றவர்கள் கூப்பிட்டால் சீக்கிரம் முடித்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவள் கேட்டாள். "தண்ணி இருக்காக்கா?"

அன்று காலையில்தான் சடையன் அண்ணன் சொல்லியிருந்தார். "பாறைதான் பாப்பா. ஒரு எடத்துல ஈரம் இருக்குது. அதுவும் கொரங்கு ஒன்னுக்கு வுட்டதா இன்னான்னு தெரியல." என் முதுகுக்குப் பின்னால் பாய் உட்கார்ந்து ரசீது எழுதிக்கொண்டிருந்தார். எதிரே படத்தில் அருவி கொட்டியது.

"கொஞ்சமா இருக்குங்க" என்றேன்.

"கொஞ்சம் போதும்க்கா. நாங்க இன்னா குத்தாலமா கேக்கறோம்" என்று சிரித்தாள். பிறகு, "அக்கா, வூட்ல ஒரு லேடீஸ் கூட வந்தாத்தான் வுடுவேன்றாங்க. நீங்க வர்றீங்களா? ப்ளீஸ்க்கா" என்றாள்.

அவள் குரல் பின்னால்வரை கேட்டிருக்கும். பாய் எழுந்து வந்து போனை வாங்கிக்கொண்டார். "வரும்மா. எங்க பொண்ணு வரும். நீங்க தைரியமா வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் தலையை ஆட்டினேன், முடியாது என்று.

"இன்னா பாப்பா, அருவிய நீயா தூக்கினு போவப் போற? வேன்ல குந்திக்கினு போ, குந்திக்கினு வா. ஞாயித்துக்கெழம ஆபீஸ் லீவு, போன மட்டும் கையோட எடுத்துக்க. வர்ற போன்கால வுட்டுடாத."

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வேன் பக்கத்தில் நின்றேன். ஆட்டோக்களிலும் அப்பாக்களின் பைக்குகளிலும் அவர்கள் வந்து இறங்கினார்கள். தனுஷா வளர்ந்திருந்தாள், நர்ஸிங் முடித்திருந்தாள். ரிப்பன் இல்லை, முடியை விரித்து விட்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டுப் போனவள் திரும்பி வந்தாள்.

"நீ நம்ம கிளாஸு இல்ல?"

"செந்தமிழ்ச்செல்வி டி" என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஜெயசுதா. வகுப்பில் முதலில் சிரித்து, கடைசியாகச் சிரிப்பதை நிறுத்தியவள். "வாயே தொறக்காதே, அந்தப் பொண்ணு."

"ஏய், ஆமா. நீ இங்க இன்னா பண்ற?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வேன் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்க ஆபீஸ்லதாம்மா வேலை செய்யுது. இதான் உங்களுக்குத் துணை" என்றார் சடையன் அண்ணன்.

"அப்ப ஃபரீன் அக்கா?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கண்ணாலேயே வேண்டாம் என்றேன். "அதுக்கு ஒடம்பு சரியில்ல" என்று சொல்லிவிட்டு டயரைத் தட்டிப் பார்க்கப் போய்விட்டார்.

"போச்சு போ. பேசறவங்கள வுட்டுட்டுப் பேசாததக் கூட்டினு போறோம்" என்றாள் ஜெயசுதா. யாரோ அவள் தோளில் தட்டினார்கள்.

நான் கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் அவர்களுடைய பைகளை வைத்தார்கள். கரும்புக் கொல்லைகளைத் தாண்டி வேன் ஓடியது. பாட்டு போட்டார்கள், கை தட்டினார்கள், ராதிகாவைக் கல்யாணம் சொல்லி ஓட்டினார்கள். கச்சிராயபாளையம் தாண்டியதும் எதிரே மலை நின்றது. தூரத்தில் நீலமாகத் தெரிந்தது, கிட்டே வர வரப் பழுப்பாக மாறியது. நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். ராதிகா ஜன்னல் வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் மடியில் ஒரு மஞ்சள் துண்டும் மாற்றுச் சுடிதாரும் ஒரு கவரில் இருந்தன. நனைந்தால் மாற்றிக்கொள்ள. ஸ்வெட்டரோடு இதையும் எடுத்துவரச் சொன்னது ஃபரீன் அக்கா.

மலையடியில் அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். "இதுக்கு மேல டவர் கெடைக்காது. வூட்டுக்குப் பேசறவங்க பேசிக்கோங்க."

எல்லாரும் வீட்டுக்குப் பேசினார்கள். பேசி முடித்ததும் தனுஷா, "ஃபரீன் அக்காவுக்கு எப்டி இருக்குன்னு ஒரு வார்த்த கேட்டுடறேன்" என்றாள்.

என் மடியில் போன் அடித்தது.

பாட்டை யாரோ நிறுத்தினார்கள். தனுஷா காதில் போனை வைத்தபடியே மெதுவாகத் திரும்பினாள். ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். அடித்துக்கொண்டே இருந்தது. அதைப் பைக்குள்ளேயே அணைத்துவிடலாம். ஆபீஸ் போனை ஃபரீன் அக்கா என்னிடம் கொடுத்தனுப்பினார் என்று அண்ணன் இன்னொரு பொய் சொல்வார். அவருக்கு அது சிரமமில்லை. வண்டி மேலே போகும். பாறைக்கு முன்னால் எல்லாரும் அதிசயப்படுவோம்.

போனை வெளியே எடுத்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். வெளியே ஒரு புளியமரம் மட்டும்தான் நின்றது. பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

"சொல்லுங்க" என்றேன்.

என் குரல் அவளுக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் கேட்டிருக்கும்.

"அக்கா..." என்றாள் பழக்கத்தில். பிறகு, "நீயா?"

"நான்தான். தனுஷா, அருவியில தண்ணி இல்ல."

"கொஞ்சமா இருக்குன்னு சொன்னியே."

"கொஞ்சமான்னா இல்லன்னு அர்த்தம். மலைக்கு வண்டி வுடறவங்க அப்டித்தான் சொல்லுவோம். பாறைதான் இருக்கு. நீ கேட்டப்பவே எனக்குத் தெரியும். இப்பவே சொல்லிடறேன். மேல போனா டவர் இருக்காது. டவர் இல்லன்னா என்னால சொல்ல முடியாது."

"ஏம் பாப்பா" என்று முன்னாலிருந்து அண்ணன் முனகினார். "வண்டி இன்னும் மலையே ஏறல."

"ஸ்கூல்ல வாயே தொறக்கல. தொறந்தா பொய்யி" என்றாள் ஜெயசுதா. இந்த முறை அவள் தோளில் யாரும் தட்டவில்லை.

ராதிகா அந்தக் கவரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தாள். தனுஷா போனை இறக்கவில்லை. "அப்ப மேல இன்னாதான் இருக்கு?" என்று போனிலேயே கேட்டாள். கோபம் இருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"படகு இருக்கு. பலாப்பழம் இப்பதான் வர ஆரம்பிச்சிருக்கு, ரோட்டோரமே அறுத்துக் குடுப்பாங்க. வெள்ளிமலைக்கு முன்னாடி ஒரு மேடு இருக்குதாம், நின்னா காத்து ஆளையே தள்ளுமாம்."

"இருக்குதாமா? நீ பாத்ததில்ல?"

"இல்ல. நான் இன்னிக்குத்தான் மொத தபா போறேன்."

முதலில் சிரித்தது ராதிகாதான். "நல்லா வந்து மாட்டுனோம். கைடுக்கே மொத தபாவாம்" என்றாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வுடுங்கடி. வந்தது வந்தாச்சி. இனிமே எங்கப்பா எங்க வுடப் போறாரு? போலாம்ணா."

வண்டி ஏறியது. நான் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னும் ஒன்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்பு கேட்பது இல்லை. டிபன் பாக்ஸைப் பற்றி. ராதிகாவிடம் போனைக் கொடு என்று சொல்ல வாயெடுத்தபோது டவர் போய்விட்டது.

நான் ஆயிரம் பேரை எச்சரித்த அந்த வளைவில் எனக்கே வாந்தி வந்தது. அண்ணன் நிறுத்தினார். சாலையோரம் குனிந்து நின்றேன். பின்னால் யாரோ வந்து நின்று, ஒரு எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தார்கள். தனுஷா.

"மோந்து பாரு. ஃபரீன் அக்கா எடுத்தாரச் சொன்னாங்க" என்றாள். கிண்டலா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்ப்பதற்குள் வேனுக்குப் போய்விட்டாள்.

அருவிக்கு இறங்கினோம். படத்தில் தண்ணீர் இருந்த இடமெல்லாம் கருத்த பாறை. தண்ணீர் விழுந்து விழுந்து வழவழப்பான பள்ளத்தில் சருகு நிறைந்திருந்தது. அண்ணன் அன்று அதிசயப்படவில்லை. மேலேயே நின்று பீடி குடித்தார். ராதிகா செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் விழ வேண்டிய இடத்தில் போய் நின்றாள். மஞ்சள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கைகளை விரித்தாள். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு எல்லாரும் அவளோடு போய் நின்றுகொண்டார்கள். போட்டோ எடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஜெயசுதா தன் போனை என்னிடம் நீட்டினாள்.

எடுத்தேன். திரையில் ஒவ்வொரு முகமாகத் தெரிந்தது. தனுஷா என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது. அதற்குள், "இன்னொன்னு எடு, நான் கண்ண மூடிட்டேன்" என்றாள் ஜெயசுதா. இன்னொன்று எடுத்தேன்.

அவர்கள் மேலே ஏறிய பிறகு நான் மட்டும் பாறைக்கிட்டே போனேன். அண்ணன் சொன்ன ஈரம் இருந்தது. உள்ளங்கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. பாறையின் விரிசலிலிருந்து கசிந்துகொண்டிருந்தது. குரங்கு விட்டது இல்லை. அந்த மலையைப் பற்றி நான் கேட்காமல், பார்த்துத் தெரிந்துகொண்ட முதல் விஷயம் அது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. போனை எடுத்துப் பார்த்தேன். டவர் ஒரு கோடுகூட இல்லை.

மதியச் சாப்பாடு தீனதயாளனின் காட்டேஜில் ஏற்பாடாகியிருந்தது. அவர்கள் சாப்பிடப் போனார்கள். நான் வரவேற்பு மேசைப் பக்கம் நின்றேன். தீனதயாளன் என்னைக் கண்டு சந்தோஷப்பட்டார்.

"வா வா. இடத்தப் பாரு. இதான் நீ நிக்கப் போற எடம். முடிவு பண்ணிட்டியா?"

அப்போது ஒரு அம்மாள் இரண்டு குழந்தைகளோடு வந்தார். குழந்தைகள் அப்போதே நீச்சலுக்கான டிரவுசரில் இருந்தார்கள். "சார், அருவி எவ்ளோ தூரம்? தண்ணி நல்லா வருதா?" என்று கேட்டார்.

"சூப்பரா இருக்கும் மேடம். பசங்க என்ஜாய் பண்ணுவாங்க."

அந்த அம்மாள் குழந்தைக்குத் துண்டு எடுக்கப் பையைத் திறந்தார். தீனதயாளன் என் பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில் சொன்னார். "பாத்தியா, அவ்ளோதான் வேலை. நீ அதக்கூடச் சொல்ல வேணாம். நின்னு சிரி. பேசற பொண்ணுங்கள வெச்சு நான் பட்டது போதும். பேசாத பொண்ணுதான் எனக்கு வேணும்."

அவர் கெட்டவர் இல்லை. எனக்கு ஏற்ற வேலை என்று நம்பித்தான் சொன்னார். அம்மா சொன்ன நிழல் அங்கே இருந்தது. காற்றும் இருந்தது. யாரும் எழுந்து வாசி என்று சொல்லப் போவதில்லை. சாகும்வரை அந்த மேசைக்குப் பின்னால் ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருக்கலாம்.

அந்த அம்மாள் நிமிர்ந்து, நான் அங்கே வேலை செய்கிறவள் என்று நினைத்து, "படி ஜாஸ்தியாம்மா?" என்று என்னைக் கேட்டார்.

வாய் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஈரம் பட்ட கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது. அவர் கண்ணைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். அவருக்குப் புரியவில்லை. வெளியே அருவி இருந்த பக்கம் கையைக் காட்டினேன். விரல்களைக் கீழ்நோக்கிக் கொட்டுகிற மாதிரி ஆட்டிவிட்டு, மறுபடியும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"தண்ணி இல்லியா?"

ஆமாம் என்றேன், தலையால்.

அந்த அம்மாள் தீனதயாளனைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் முடிவு எதுவும் கேட்கவில்லை.

இறங்கும்போது எல்லாரும் தூங்கிவிட்டார்கள். மலையடிக்கு வந்ததும் எல்லார் போன்களும் ஒன்றாகக் கிணுகிணுத்தன. கள்ளக்குறிச்சியில் இறங்கியபோது ராதிகா என் கையைத் தொட்டு, "வர்றேன்" என்றாள். அவளுடைய கல்யாணப் பத்திரிகை என் கைக்கு வரப் போவதில்லை என்று தெரியும். தனுஷா, "போன் பண்றேன்" என்றாள்.

பண்ணவில்லை. நான் எதிர்பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் ஆபீஸுக்குப் போனபோது பாய்க்கு எல்லாம் தெரிந்திருந்தது. அண்ணனும் சொல்லியிருந்தார், தீனதயாளனும் சொல்லியிருந்தார். "இன்னா பாப்பா, ஒரே நாள்ல ரெண்டு பேரு பொழப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டு வந்திருக்க?" என்றார். நான் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் தண்ணீர் கொட்டியது. அதைப் பார்த்துக்கொண்டு இனி பேச முடியாது என்று தோன்றியது.

ஆபீஸ் போனை எடுத்து அவர் நம்பரை அழுத்தினேன். பின்னால் அவர் சட்டைப் பையில் போன் அடித்தது.

"யாரு இது... ஏய், நீயா? இன்னா இது கூத்து?" என்றார். ஆனால் எடுத்தார். எடுத்துக்கொண்டு, நான் முதன்முதலாகப் போனை எடுத்த அன்றைக்குப் போலவே, வெளியே சந்துக்குப் போனார்.

"பாய், வாரத்துல ஒரு நாளு நான் பஸ்ல போயி பாத்துட்டு வர்றேன். தண்ணி இருந்தா இருக்குன்னு சொல்றேன். இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டு, வேற இன்னா இருக்குதோ அதச் சொல்றேன்."

"இல்லன்னு சொன்னா எவன் வண்டி எடுப்பான்?"

"இருக்குன்னு சொல்றப்ப நம்பி எடுப்பாங்க."

சந்தில் இரும்புக் கடைக்காரர் எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் போனிலும் கேட்டது, கதவு வழியாகவும் கேட்டது.

"தீனா டபுளா குடுக்கறேன்னான். அத வுட்டுட்டு இந்த வேலையா கேக்கற? இப்டி ஒரு வேலையே கெடையாதும்மா."

"அதாங்க வேணும்."

"பஸ் காசு நான் தர மாட்டேன்."

"சரிங்க."

"ஆடி வரிக்கும் பாப்பேன். வண்டி கம்மியாச்சின்னா நீ மறுபடியும் கொஞ்சமா இருக்குன்னுதான் சொல்லணும். முடியாதுன்னா வூட்டுக்குப் போயிடணும்."

அதற்குச் சரி என்று நான் சொல்லவில்லை. அவரும் வற்புறுத்தாமல் போனை வைத்துவிட்டு டீக்குப் போனார்.

புதன்கிழமை வெள்ளிமலை பஸ்ஸில் ஏறினேன். வேலைநாள்; சுற்றுலாக்காரர்கள் யாரும் இல்லை. சந்தையிலிருந்து திரும்புகிற சிலர் கோணிமூட்டைகளோடு முன்னால் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொண்டு வந்தார்கள். என் பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. மலையடியில், அந்தப் புளியமரத்தை நெருங்கும்போது போன் அடித்தது.

"ஃபரீன் டிராவல்ஸா? இந்த ஞாயித்துக்கெழம ஃபேமிலியோட வரலாம்னு இருக்கோம். அருவியில தண்ணி இருக்கா?"

"தெரியலைங்க. பாக்கறதுக்குத்தான் போய்க்கினு இருக்கேன். சாயந்திரம் நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அவர் தயங்கினார். இப்படி ஒரு பதிலை எந்த டிராவல்ஸிலும் அவர் கேட்டிருக்க மாட்டார். "நீங்க யாரு பேசறது, ஃபரீனுங்களா?"

"இல்லைங்க. செந்தமிழ்ச்செல்வி" என்றேன்.

முழுப் பெயரையும் நிதானமாகச் சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் இருந்தாரா, அதற்குள் டவர் போய்விட்டதா, தெரியவில்லை. போனைப் பைக்குள் வைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை எடுத்து மூக்கருகே பிடித்துக்கொண்டேன். பஸ் முதல் வளைவில் திரும்பியது.